ஐந்து மீட்டர் செம்பு: ஸ்பீக்கர் கேபிள் தேர்வு பற்றி ஒரு மறுபார்வை

மார்கழிக்குக் கோயிலில் பாட்டுப் போட வருகிறவர் ஒயர் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத முறுக்கு ஒயர், கோபுர வாசலில் கிளம்பி, விளக்குக் கம்பம், வேப்பமரம், மாடிக் கைப்பிடி என்று தாவித் தாவி 200 மீட்டர் தள்ளியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் போய் முடியும். நடுவே நாலு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருப்பார். விடியற்காலை நாலரைக்கு அந்தக் குழாய் தெருவையே எழுப்பிவிடும். அதே தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஐந்தே மீட்டர். அதற்கு எந்தக் கேபிள் வாங்குவது என்று வீட்டுக்காரர் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருப்பார்.

இருவர் செய்வதிலும் நியாயம் இருக்கிறது. கோயிலில் ஓடுவது 100 வோல்ட் லைன். ஆம்ப்ளிஃபையர் அழுத்தத்தை ஏற்றி அனுப்புகிறது. குழாயோடு சேர்ந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்கிறது. 30 வாட் குழாய்க்கு 0.3 ஆம்பியர் போனால் போதும். அதே 30 வாட்டை வீட்டிலிருக்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்க 15 வோல்ட் சொச்சம்தான் அழுத்தம், ஆனால் மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தொடுகிறது. கோயில் ஒயர் 0.67 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டர் போய்த் திரும்பிவர அதன் மின்தடை சுமார் 10 ஓம். 100 வோல்ட் லைனுக்கு அது மூன்று சதவீத இழப்பு, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே ஒயரின் கோடியில் 8 ஓம் ஸ்பீக்கரை நேரே மாட்டினால், சேரவேண்டிய திறனில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போய்ச்சேராது.

ஆகவே வீட்டு ஸ்பீக்கருக்குத் தடித்த கம்பி வேண்டும் என்பதில் மூடநம்பிக்கை எதுவுமில்லை. எவ்வளவு தடிப்பு, எந்த உலோகம், எங்கே நிறுத்திக்கொள்வது என்பதில்தான் நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிள் ஒலிக்கு எதையும் சேர்க்காது. அதனால் முடிந்தது எடுத்துக்கொள்வது மட்டும்தான். எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது நீளம், தடிமன் என்ற இரண்டு எண்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாவதாக ஒன்று உண்டு. விலை உயர்ந்த கேபிளை விற்பவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவரைக் கேலி செய்பவரும் பேசுவதில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

விளக்கு ஒயர் காலம்

1970களின் நடுப்பகுதி வரை இது ஒரு கேள்வியாகவே இல்லை. அமெரிக்காவில் மேசை விளக்குக்குப் போகும் இரட்டை ஒயரையே ஸ்பீக்கருக்கும் இழுத்தார்கள். கேபிளைத் தனிச் சரக்காக்கியதில் பெரிய பங்கு நோயல் லீக்கு உண்டு. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் லேசர் பிணைவு ஆராய்ச்சியில் பொறியாளராக இருந்தவர். 1979இல் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கினார். தடித்த செம்பு, நல்ல முனை, கண்ணைக் கவரும் உறை. மெல்லிய ஒயரை நீளமாக இழுத்திருந்த வீடுகளில் அவருடைய கேபிள் உண்மையிலேயே பலன் தந்திருக்கும். பிரிட்டனில் 79 இழை ஒயர் கடைகளில் வழக்கமான சரக்கானது. 0.2 மி.மீ. இழைகள் 79 சேர்ந்தால் கிட்டத்தட்ட 2.5 சதுர மி.மீ. நம்மூர் எலெக்ட்ரீஷியன் ‘ரெண்டரை ஒயர்’ என்று சொல்லும் அதே தடிமன்தான்.

அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. தடிமனில் போட்டி முடிந்த பிறகு வெள்ளி, ஒற்றைப் படிகச் செம்பு, பின்னல், திசை காட்டும் அம்புக்குறி, உறைக்குள் மின்கலம் என்று போட்டி வேறு திசையில் ஓடியது. பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1980இல் கிரெய்னர், 1991இல் ஃபிரெட் டேவிஸ் ஆகியோர் ஆடியோ பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஆம்ப்ளிஃபையர், கேபிள், ஸ்பீக்கர் மூன்றும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்து எழுதினார்கள். கேபிளைத் தனியே எடுத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, எந்த ஸ்பீக்கரோடு எவ்வளவு நீளத்துக்கு என்று சேர்த்தே சொல்லவேண்டும் என்பதுதான் அந்த வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம்.

கடைக் கணக்கு

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் ஒயர் கேட்டால் கடைக்காரர் 14/36 வேண்டுமா, 23/36 வேண்டுமா, 40/36 வேண்டுமா என்பார். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. 36 என்பது பழைய பிரிட்டிஷ் கம்பி அளவு. 36ஆம் எண் கம்பியின் விட்டம் 0.0076 அங்குலம். அதே சரக்கைச் சிலர் 40/76 என்பதும் அதனால்தான். இந்த எண்ணைச் சதுர மில்லிமீட்டராக மாற்றிவிட்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். 14/36 என்றால் 0.41. 23/36 என்றால் 0.67, மேலே கோயிலுக்குக் கணக்குப் போட்டது இதை வைத்துத்தான். 40/36 என்றால் 1.17.

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு 0.017 ஓம் தடுக்கும். சதுர மில்லிமீட்டர் இரட்டித்தால் தடை பாதியாகும். ஸ்பீக்கருக்குப் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என்பதால் ஐந்து மீட்டர் கேபிளில் மின்னோட்டம் பத்து மீட்டர் செம்பைக் கடக்கிறது. அதன்படி ஐந்து மீட்டர் கேபிளின் மொத்த மின்தடை:

14/36 – 0.42 ஓம்
40/36 – 0.15 ஓம்
1.5 சதுர மி.மீ. – 0.115 ஓம்
2.5 சதுர மி.மீ. – 0.07 ஓம்
4 சதுர மி.மீ. – 0.043 ஓம்

அமெரிக்க மெக்கின்டோஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைப்பை முன்னின்று நடத்திய ரோஜர் ரஸல் ஓர் எளிய விதி சொன்னார்: கேபிளின் மின்தடை, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம் வரை. இந்த விதிப்படி 14/36 எங்கும் தேறாது. 40/36 இரண்டிலும் தேறிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபிள் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவு குறைத்தால் கவலை இல்லை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் 8 ஓம் என்று பின்னால் அச்சடித்த ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 4 ஓம் வரை இறங்கும், வேறோரிடத்தில் 20 ஓம் வரை ஏறும். 14/36 ஒயர் 4 ஓம் இருக்குமிடத்தில் 0.87 டெசிபல் எடுத்துக்கொள்ளும். 20 ஓம் இருக்குமிடத்தில் 0.18 மட்டும். இடையில் 0.7 டெசிபல் வித்தியாசம். அவ்வளவு என்றால் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும் பாடகரின் குரலுக்கும் இருக்கும் விகிதம் லேசாக மாறும். உற்றுக் கேட்பவர் உணரலாம். 2.5 சதுர மி.மீ. போட்டால் அந்த வித்தியாசம் 0.12 டெசிபலுக்கு வந்துவிடும். அதைக் காதால் பிடிப்பது மிகக் கடினம். அதற்கு மேல் தடிமனைக் கூட்டுவது, எடைபோட்ட காய்கறிக்கு மேல் ஒரு கறிவேப்பிலைக் கொத்து வைப்பது போல, வைத்தால் குற்றமில்லை.

‘டேம்பிங் ஃபேக்டர்’ என்ற சொல்லும் இந்த இடத்தில்தான் வரும். ஸ்பீக்கரின் கூம்பு தேவையில்லாமல் ஆடாமல் ஆம்ப்ளிஃபையர் பிடித்து நிறுத்தவேண்டும், கேபிளின் தடை அந்தப் பிடியைத் தளர்த்திவிடும் என்பார்கள். தளர்த்தும்தான். ஆனால் அந்த வட்டத்தில் ஸ்பீக்கரின் சுருளே 6 ஓம் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஆறோடு 0.07 சேர்ந்தால் மாறுவது ஒரு சதவீதம்.

மற்ற மூன்று குற்றச்சாட்டுகள்

மின்தடைக்கு அடுத்து மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் வேகமாக மாறும்போது கம்பி காட்டும் எதிர்ப்பு. இரண்டு கம்பிகளும் ஒட்டி ஓடும் சாதாரண இரட்டை ஒயரில் மீட்டருக்குச் சுமார் 0.65 மைக்ரோஹென்ரி இருக்கும். ஐந்து மீட்டருக்கு, காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில், அது 0.4 ஓம் அளவுக்கு எதிர்க்கும். கட்டம் விலகி நிற்பதால் 4 ஓம் ஸ்பீக்கரில்கூட இழப்பு 0.05 டெசிபல்தான். இருபது மீட்டர் இழுத்தால் கணக்கு மாறும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் தனித்தனியே பிரித்து அறையின் இரு ஓரமாக ஓட்டினாலும் மாறும். இரண்டும் சேர்ந்தே ஓடட்டும்.

மின்தூண்டலைக் குறைக்கிறேன் என்று பல இழைகளை நெருக்கிப் பின்னினால் மின்தேக்குதிறன், அதாவது கம்பிகளுக்கு இடையே மின்னூட்டம் தேங்கும் அளவு, எகிறிவிடும். 1970களில் வந்த சில பின்னல் கேபிள்களை மாட்டியதும் சில ஆம்ப்ளிஃபையர்கள் காதுக்குக் கேட்காத அதிர்வில் அலைபாய்ந்து சூடேறின. ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். பிரிட்டனின் நெய்ம் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்களுக்குக் கேபிள் குறைந்தது 3.5 மீட்டராவது இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. மற்றவர்கள் ஆம்ப்ளிஃபையரின் வெளிவாயிலில் வைக்கும் சிறு சுருளை அவர்கள் வைக்கவில்லை. அந்த வேலையைக் கேபிளின் மின்தூண்டலே பார்த்துக்கொண்டது. ஆம்ப்ளிஃபையர் செய்தவர் கேபிள் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தோல் விளைவு. அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். இயற்பியல் உண்மைதான். 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் ‘தோலின்’ ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2.5 சதுர மி.மீ. கம்பியில் இதனால் 0.07 ஓம் 0.085 ஓமாகும். நாற்பதைக் கடந்தவர்களில் அநேகருக்கு அந்த அதிர்வெண்ணே கேட்காது.

இரண்டு கேபிளும் ஒரே நீளமாக இருக்கவேண்டுமா என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு மீட்டர் வித்தியாசத்தால் சமிக்ஞை தாமதிப்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஐந்து பங்கு. நீங்கள் நாற்காலியில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதைவிட அறுநூறு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். வெட்டுவதற்கு வசதி என்றால் சமமாக வெட்டுங்கள்.

உலோகத்தின் விலை

வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். ஆறு சதவீதம் அதிகம். 2.5 சதுர மி.மீ. வெள்ளிக் கம்பி செய்வதை 2.65 சதுர மி.மீ. செம்புக் கம்பி செய்துவிடும். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். வீட்டு ஒயரிங்கில் போகும் சாதாரண மின்தரச் செம்பே 99.9 சதவீதம் சுத்தம். இரண்டுக்கும் கடத்தலில் உள்ள வித்தியாசம் ஒரு சதவீத அளவு. ஐந்து மீட்டர் கேபிளில் ஐந்து சென்டிமீட்டரை வெட்டி எறிந்தாலும் அதே லாபம்.

கவலைப்படவேண்டியது எதிர்ப்பக்கம். செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் இப்போது சந்தையெங்கும் கிடைக்கிறது. பார்வைக்கு அசல் செம்பு. கடத்தல் செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான், 2.5 என்று வாங்கினால் கையில் இருப்பது கிட்டத்தட்ட 1.6. அடிக்கடி மடங்கினால் இழை ஒடியும். இன்னொரு தந்திரம், உள்ளே நூல்போலக் கம்பியை வைத்து வெளியே பிவிசியைப் பருமனாகப் போர்த்துவது. கண்ணாடி மாதிரித் தெரியும் உறை அதை இன்னும் உருப்பெருக்கிக் காட்டும்.

இரண்டையும் கடையிலேயே பிடித்துவிடலாம். முனையில் ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செந்நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளையாக மின்னினால் அலுமினியம். அடுத்தது எடை. 2.5 சதுர மி.மீ. இரட்டைக் கேபிள் ஐந்து மீட்டரில் செம்பு மட்டும் 220 கிராம் இருக்கவேண்டும். உறையையும் சேர்த்து நிறுத்தே அதற்குக் கீழே காட்டினால் பேச்சே வேண்டாம். தெரிந்த தயாரிப்பாளரின், ஐஎஸ் 694 தர எண் அச்சடித்த ஃப்ளெக்ஸிபிள் ஒயர் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ஸ்பீக்கருக்கு அது தாராளமாகப் போதும்.

காது சொல்லும் சாட்சி

இவ்வளவு கணக்குக்கும் ஒரே பதிலாக ‘எனக்குக் கேட்கிறதே’ என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் காதோடு கண்ணும் விலைச்சீட்டும் சேர்ந்தே கேட்கின்றன. கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடியதை ‘சத்தம் கூடியது’ என்று மனம் சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது’ என்றே சொல்லும்.

இதைப் பிரிப்பதற்கென்றே டேவிட் கிளார்க் 1982இல் ஏபிஎக்ஸ் என்ற கருவிமுறையை எழுதிவைத்தார். கேபிள் ஏ, கேபிள் பி, அவற்றில் ஏதோ ஒன்றான எக்ஸ். எக்ஸ் எது என்று கேட்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தில் அது நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அப்போது கேட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். 1983இல் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் மெல்லிய 24 கேஜ் ஒயர், 16 கேஜ் விளக்கு ஒயர், மான்ஸ்டர் கேபிள் மூன்றையும் மறைத்து வைத்துக் கேட்கவிட்டார். மெல்லிய ஒயரை இரைச்சல் ஒலியில் அடையாளம் கண்டார்கள். விளக்கு ஒயரையும் மான்ஸ்டரையும் இசையில் நம்பும்படியாகப் பிரிக்க முடியவில்லை. மேலே போட்ட மின்தடைக் கணக்கும் இதையேதான் சொல்கிறது.

2007இல் இது தெருக்கூத்தாகவே ஆனது. மூடநம்பிக்கைகளை அம்பலப்படுத்திவந்த ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலைபோட்ட ஒரு கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கண்ணை மறைத்துப் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவில்லை. இதை வைத்துக் கேபிள் என்பதே பித்தலாட்டம் என்று சிரிப்பவர்களுடன் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

பச்சை முனை

கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் வீடு. ஏழெட்டு வருடம் ஓடிய ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் விலை கூடிய கேபிள் வாங்கி மாட்டினேன். மாட்டிய அன்றே வித்தியாசம். இடது பக்கம் அவ்வப்போது மங்கிக்கொண்டிருந்த வீணை இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா வந்திருந்தார். பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. பழைய ஒயரத் தூக்கிப் போட்டுட்டியா?”

“பரண்ல இருக்கு சித்தப்பா.”

“எடுத்துட்டு வா.”

அதன் முனையைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். செம்பு இழைகள் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரிப் பச்சையாக இருந்தன. கட்டிங் பிளேயரால் ஒரு அங்குலத்தை நறுக்கிவிட்டு, உறையைச் சீவி, உள்ளிருந்து வந்த பளிச்சென்ற செம்பை இறுக்கி முறுக்கினார். ஆம்ப்ளிஃபையரின் திருகு முனையைப் பழைய துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு மாட்டினார். வீணை நிமிர்ந்தேதான் இருந்தது. “புதுசுன்னு நீ வாங்குனது இந்த ஒரு அங்குலத்தத்தான்” என்றார்.

அந்தக் காலத்தில், காற்றுப் பட்டுச் செம்பில் படியும் ஆக்சைடை வைத்தே, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ரெக்டிஃபையர் செய்தார்கள் என்றால், அது எவ்வளவு நல்ல கடத்தி என்று ஊகித்துக்கொள்ளலாம். உப்புக்காற்றில் பச்சை பூத்த முனை, தளர்ந்த திருகு, பாதி இழை அறுந்த முறுக்கு ஆகியவற்றின் தடை ஒரு நிலையில் நிற்காது. தொட்டால் மாறும், சூட்டில் மாறும். நூற்றில் ஒரு ஓமுக்கு நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கெட்ட முனை அதைப்போலப் பல மடங்கைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். புதுக் கேபிள் மாட்டுகிற ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலே முனைகளைப் புதுப்பிக்கிறார்கள். கேபிள் மாற்றியதும் ஒலி மாறியது என்ற சாட்சியங்களில் ஒரு பகுதிக்கு மயக்கமும் வேண்டாம், மாயமும் வேண்டாம். இந்த விளக்கமே போதும். முதலில் சொன்ன அந்த மூன்றாவது விஷயம் இந்த முனைதான்.

வாங்கப் போகும்போது

மூன்று மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., எட்டு மீட்டர் வரை 2.5, அதற்கு மேல் பதினைந்து மீட்டர் வரை 4. இந்த அளவில் வாங்கினால் 4 ஓம் ஸ்பீக்கருக்கும் ரஸலின் விதிக்குள் வசதியாக அடங்கிவிடும். ‘பை-ஒயரிங்’ என்று இரட்டைக் கேபிள் போடச் சொன்னால், செம்பின் அளவு கூடுகிறது என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. கேபிள் ‘பழகவேண்டும்’ என்று சொன்னால், பழகுவது கேட்பவரின் காது.

சுவருக்குள் ஓட்டுவதாக இருந்தால் மின்சாரம் போகும் குழாயில் சேர்க்காமல் தனிக்குழாயில் ஓட்டுங்கள். தீப்பரவாத உறை போட்ட ஒயராக இருக்கட்டும். முனையில் ஈயம் வைத்துத் திருகில் மாட்டாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். ஒரே ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபையர் புகைய வாய்ப்புண்டு. வாழைப்பழ முனை எனப்படும் 4 மி.மீ. செருகியின் உண்மையான பயன் இதுதான்: ஒலி கூடாது, விபத்து குறையும்.

சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றுங்கள். கேபிளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, அந்த முனைகளைச் சுவர்க்கடிகார பேட்டரி ஒன்றில் ஒரு நொடி தொடுங்கள். சிவப்பு முனை பேட்டரியின் மொட்டுப் பக்கம். ‘டப்’ என்று கூம்பு வெளியே வரவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் வெளியேயும் மற்றதில் உள்ளேயும் போனால், எவ்வளவு விலை கொடுத்த கேபிளாலும் திரும்பிவராத பேஸ் ஒலி, ஒரு பக்கத்து ஒயரை மாற்றி மாட்டியதும் வந்துவிடும்.

கேபிளில் மிச்சமாகும் காசை ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையிலோ, ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குத் தூக்கும் ஸ்டாண்டிலோ போடலாம். அறையும் ஸ்பீக்கர் நிற்கும் இடமும் பல டெசிபல் அளவுக்கு ஒலியை மாற்றுபவை.

போகிக்கு வீட்டில் பழையதைக் கழிக்கும் நாளில் இப்போது எனக்கு ஒரு வேலை நிச்சயமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைச் சுவரிலிருந்து நகர்த்தி, நாலு முனைகளையும் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, புதுச்செம்பை முறுக்கி மாட்டுகிறேன். சித்தப்பா அன்று நறுக்கிய அதே பழைய ஒயர்தான். கடையில் வாங்கிய கேபிள் பரணில் கிடக்கிறது.